ஆறாத புண்ணுக்கு வீட்டிலேயே கட்டு: யார் போட்டால் சரி?

"அப்பாவுக்குக் கால்ல புண்ணு, ரெண்டு மாசமா ஆற மாட்டேங்குது. வீட்டுக்கே வந்து கட்டுப் போடுற நர்ஸ் யாராச்சும் இருந்தா சொல்லுங்க சிஸ்டர்." எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். அரசு ஆஸ்பத்திரியில் சர்ஜரி வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அக்கம்பக்கத்தில் சில வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறேன். எனவே நர்ஸை வரவழையுங்கள் என்று நான் எங்கே சொன்னாலும் அதில் என் வரும்படியும் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

போனில் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, புண் எந்த இடத்தில் என்பது. யாரை வைத்துக் கட்டுப் போடலாம் என்பதற்கு முக்கால்வாசி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் இடத்தில் புண் என்றால் அநேகமாக அது சர்க்கரையால் மரத்துப்போன பாதம். வலிக்காது. வலிக்காததால் மனிதர் அதே இடத்தை மிதித்துக்கொண்டே இருப்பார். கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கமாக, சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்து எப்போதும் நீர் கசிந்துகொண்டிருந்தால் அது வெரிகோஸ் புண், அதாவது காலில் ரத்த நாளம் புடைத்துப்போனதால் வரும் புண். காலமெல்லாம் நின்றே வேலை பார்த்த டீ மாஸ்டர், கண்டக்டர், சமையல்காரர்களுக்கு அதிகம் பார்த்திருக்கிறேன். விரல் நுனி கறுத்து, ராத்திரியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் வலி அடங்குகிறது என்றால் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. முதுகுத்தண்டின் அடியில், இடுப்பெலும்பில், குதிகாலில் என்றால் படுக்கைப் புண்.

இந்த நான்குக்கும் மேலே வைக்கிற காஸ் துணி ஏறக்குறைய ஒன்றேதான். ஆற வைப்பது வேறு வேறு. முதலாவதற்கு அந்த இடத்தில் பாரம் விழாமல் தடுக்க வேண்டும். இரண்டாவதற்குப் பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கமான பட்டைக்கட்டு வேண்டும். மூன்றாவதற்கு ரத்தக் குழாய் டாக்டர் அடைப்பை எடுக்க வேண்டும். நான்காவதற்குப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். இது நடக்காமல், தினமும் கட்டு மாற்றினாலும் புண் அங்கேயே இருக்கும்.

ஒரு பெரியவர் வீட்டில் பார்த்தேன். எனக்கு முன்பே தினமும் ஒரு நர்ஸ் வந்து போய்க்கொண்டிருந்தார். சுத்தமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. புண் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவிலேயே நின்றது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் புண்ணைச் சுற்றி வெள்ளையாகக் காய்ப்பு ஏறிய விளிம்பு. கட்டின் அடிப்பக்கம் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தது. "ஐயா, எங்கேயாவது நடக்கறீங்களா?" என்றேன். "எங்கம்மா நடக்கறேன், பாத்ரூம், வாசல், சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார், அவ்வளவுதான்" என்றார். ரப்பர் செருப்போடு. கூடையாய்க் காசு போய்க்கொண்டிருந்தது, புண்ணின் மேல் அறுபது கிலோ ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதத்தில் பாரம் விழாதபடி மாவுக்கட்டு போட்ட பிறகுதான் அது சுருங்க ஆரம்பித்தது.

இது நம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று வெகுகாலம் முன்பே உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்கள் நோயால் தானாக அழுகி வருவதில்லை, உணர்வில்லாத காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வருகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர். இன்று சர்க்கரைப் பாதத்துக்குப் போடும் மாவுக்கட்டு வைத்தியம் அந்தத் தொழுநோய் வார்டுகளின் வழியாக வந்ததுதான். ஒன்று மட்டும்: கடையில் விற்கும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, புண் வராமல் காக்கும், ஆறிய பின் திரும்பாமல் காக்கும். திறந்திருக்கும் புண்ணை ஆற்ற அது பெரும்பாலும் போதாது.

ஆகவே வீட்டு ஆள், வந்துபோகும் நர்ஸ், கூடவே தங்கும் ஆள், ஆஸ்பத்திரி என்ற நான்கு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கட்டாயம். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து ஒரு எண் சொல்வார்கள். அது 0.9க்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போயிருந்தால் 1.4க்கு மேலேகூடக் காட்டும். அதைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று திரும்பிவிடக் கூடாது, ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் சோதனை வேண்டும். ரத்த ஓட்டம் பார்க்காமல் காலில் இறுக்கமான பட்டை கட்டுவது ஆபத்து. அதை எந்த நர்ஸ் செய்தாலும், நானே செய்தாலும், நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டு ஆட்களே போட்டால்

தினமும் கட்டு மாற்ற வேண்டிய, ஆழம் குறைந்த, சிவப்பாகச் சதை ஏறிவரும் புண்ணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பேன். கட்டு நனைந்துவிட்டால் நர்ஸ் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். செலவு காஸும் சலைனும்தான். இரண்டு மூன்று தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் கை பழகிவிடும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பழைய கட்டைப் பிரிக்கும்போது கடைசி அடுக்கு புண்ணோடு ஒட்டியிருக்கும். அங்கேதான் எல்லோரும் பயந்துபோய் வெடுக்கென்று இழுப்பார்கள். இழுத்தால் நேற்று ஏறிய புதுச் சதை துணியோடு வந்துவிடும். சலைனை ஊற்றி நனைத்து, ஐந்து நிமிடம் பொறுத்தால் தானாக விடும். சலைன் இல்லையா, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும். வந்த துணியைப் போடுவதற்கு முன் ஒரு பார்வை: எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், நேற்றில்லாத நாற்றம் இருக்கிறதா. பிறகு புண்ணைக் கழுவி, சுற்றியுள்ள தோலை ஒற்றித் துடைத்து, டாக்டர் சொன்னதை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும்.

டாக்டர் சொல்லாதவை நம் வீடுகளில் நிறைய வைக்கப்படுகின்றன. மஞ்சள்தூள், காபித்தூள், மருந்துக்கடைப் பவுடர், நுரைக்கிறது என்பதற்காகவே ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்லையும் கெடுக்கிறது. "காத்தாட விட்டாதான் காயும்" என்பது இன்னொன்று. காயும், ஆனால் சீக்கிரம் ஆறாது. ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண்ணில் புதுத்தோல் வேகமாகப் படர்கிறது என்பதை 1962இலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் செய்துகாட்டினார். ரத்த ஓட்டமில்லாமல் வறண்டு கறுத்துப்போன விரல், குதிகாலில் கெட்டியாக ஒட்டியிருக்கும் காய்ந்த கறுப்புத் தோல், இவை இந்த விதிக்கு விலக்கு. அவற்றை நனைக்காமல், உரிக்காமல் அப்படியே காப்பாற்ற வேண்டும்.

இந்த வழியின் குறை, தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது என்பது. மெதுவாக மோசமாகும் புண்ணை "அப்படியேதான் இருக்கு" என்று வீட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு சங்கடத்தை யாரும் வெளியே பேசுவதில்லை. முதுகுக்கடியில் படுக்கைப் புண் வந்த அம்மா, மகன் பார்க்க ஒப்புக்கொள்ள மாட்டார். மகள் வெளியூரில். வேலை கேட்காமலே மருமகள் தலையில் விழும். அந்தப் பெண்ணுக்கு அருவருப்பும் பயமும் இருந்தால் அது குற்றமில்லை. அவரைக் கட்டாயப்படுத்திப் போட வைக்கும் கட்டைவிட, வாரம் சில நாள் காசு கொடுத்து ஆள் வைப்பது குடும்பத்துக்கு மலிவு.

நர்ஸ் வந்துபோனால்

இதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது கண்ணை. கட்டுப் போடும் கை அடுத்ததுதான். பழகிய நர்ஸ் விளிம்பைப் பார்த்தே இது மிதிபட்டுக்கொண்டிருக்கிறது, இது உள்ளுக்குள் குடைந்து போகிறது, இது டாக்டரிடம் இன்றே போக வேண்டியது என்று சொல்லிவிடுவார். அதனால் தினமும் வர வேண்டும் என்பதில்லை. ஒரு தடவைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் என்றால் மாதம் 18,000. வாரம் இரண்டு தடவை என்றால் ஐயாயிரத்துச் சொச்சம். மற்ற நாட்களில் வீட்டு ஆள் மாற்றுவதற்கு அந்த நர்ஸே சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கத் தயங்கும் நர்ஸ் உங்கள் புண்ணைவிடத் தன் விசிட்டை அதிகம் நேசிக்கிறார். காஸ், சலைன், பஞ்சு எல்லாம் அந்தக் கட்டணத்தில் அடக்கமா, தனியா என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தனி.

வருபவர் யார் என்பதில் ஏமாறுவது அதிகம். மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோவோ நான்கு வருட பி.எஸ்சி. நர்ஸிங்கோ படித்தவர்தான் நர்ஸ். நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளை கோட்டு போட்டவர்களையெல்லாம் நம் ஊரில் ஹோம் நர்ஸ் என்கிறோம், அவர்களில் பலர் ஒரு மாதப் பயிற்சியோடு வந்த அட்டெண்டர்கள். மருந்துக்கடையில் கட்டுப் போடும் கம்பவுண்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெட்டுக்காயத்துக்குச் சரி, இரண்டு மாதப் புண்ணுக்கு வேண்டாம்.

பிளேடை எடுத்துச் செத்த சதையை வீட்டிலேயே வெட்டும் நர்ஸ்களும் இருக்கிறார்கள். சர்க்கரைப் பாதத்தில் அது டாக்டர் வேலை. மேலே மிதக்கும் மஞ்சள் கசடைத் துடைத்தெடுப்பது வரைக்கும்தான் எங்கள் எல்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கூடவே தங்கும் ஆள்

அட்டெண்டர் என்றால் மட்டம் என்று எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். படுக்கைப் புண்ணைப் பொறுத்தவரை நர்ஸைவிட அட்டெண்டர்தான் முக்கியம். பக்கவாதத்தில் படுத்த பாட்டிக்கு வேண்டியது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிடும் கை. முழுக்கப் பக்கவாட்டில் சாய்க்கக் கூடாது, இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். டயப்பர் நனைந்ததும் மாற்ற வேண்டும். இழுத்து நகர்த்தாமல் தூக்கி நகர்த்த வேண்டும், ஏனென்றால் வயதான தோல் விரிப்பில் உரசியே கிழியும். இதையெல்லாம் செய்ய வலுவும் பொறுமையும் உள்ள ஆள் கிடைத்துவிட்டால் பட்டயப் படிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புண்ணுக்கு மட்டும் தனியாக நர்ஸ் வந்துபோகட்டும். காற்று மெத்தை வாங்கியாச்சே, புரட்ட வேண்டாமே என்பவர்களுக்கு: மெத்தை உதவி செய்யும், புரட்டுவதை நிறுத்த முடியாது.

ஏஜென்சிகள் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று இரண்டு கணக்குச் சொல்வார்கள். 24 மணி நேர ஆளும் மனுஷிதான், ராத்திரி தூங்குவார். அதிகாலை இரண்டு மணிக்கு யார் புரட்டுவது என்று முதலிலேயே பேசாத வீடுகளில், பகல் முழுக்க ஒழுங்காகப் பார்த்த புண் ராத்திரியில் கெடும். நடமாடும் பெரியவருக்குக் காலில் சர்க்கரைப் புண் மட்டும் இருக்கிறது என்றால் இந்த ஏற்பாடு வீண் செலவு.

முழுநேரப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது ஐந்தாவது வழியாகச் சிலர் கேட்பார்கள். வீட்டில் யாருமே இல்லாதபோது, புரட்டுவதற்கு ராத்திரி ஷிஃப்ட் ஆள் இருக்கிறாரா என்பதை நேரில் ராத்திரி போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிக்கே போய்வருவது

ஆட்டோ, லைன், டோக்கன், வீல்சேர் தேடுவது, பாதி நாள் போய்விடும். கட்டு மாற்றுவதற்காக மட்டும் தினமும் போவதில் அர்த்தமில்லை. ஆனால் காய்ப்பையும் செத்த சதையையும் வெட்டுவது, எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்ப்பது, மாவுக்கட்டு, ஆன்டிபயாடிக் முடிவு, இன்சுலின் அளவு, இதெல்லாம் அங்கேதான். சர்க்கரைப் பாதத்துக்கு வாரம் ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ போய்த்தான் ஆக வேண்டும். தனியாகப் பாத கிளினிக் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி கிடைத்தால் அதுவே நல்லது. சென்னை ராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் பெயரில் உள்ள சர்க்கரை நோய் மருத்துவமனை இதற்குப் பேர்போனது. அரசுத் தரப்பில் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாதப் பரிசோதனை நடக்கிறது. உங்கள் ஊரில் எந்த நாள் என்று அங்கேயே விசாரியுங்கள்.

காசில்லாதவர்களுக்கு வீட்டு நர்ஸ் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தை பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டமாகத்தான் நிறையப் பேருக்குத் தெரியும். படுத்த படுக்கையானவர்களைப் பார்க்க நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸும் இயன்முறை மருத்துவரும் அதில் வருகிறார்கள். படுக்கைப் புண் பராமரிப்பு அவர்கள் வேலையில் ஒன்று. மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலர் பெண்ணிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்தால் பட்டியலில் சேர்ப்பார்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு வட்டாரமே பொறுப்பு என்பதால் தினமும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வரும் நாளில் வீட்டு ஆள் கட்டாயம் பக்கத்தில் இருந்து வேலையைப் படித்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வரும் பலரைவிட இவர்களுக்குப் படுக்கைப் புண்ணில் கைப்பழக்கம் அதிகம் என்பது என் எண்ணம்.

இன்சூரன்ஸை நம்பி வீட்டு நர்ஸ் வைக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பேசும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்குச் சில நாள் கெடு இருக்கும், அதில் நர்ஸ் கட்டணம் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் தீர்ப்பு என்று கேட்டால்: சர்க்கரைப் பாதம் என்றால் மாவுக்கட்டும் வெட்டுவதும் ஆஸ்பத்திரியில், வாரம் இரண்டு தடவை நர்ஸ், மற்ற நாள் வீட்டு ஆள். மாவுக்கட்டு கழற்ற முடியாத வகை என்றால் நர்ஸே தேவையில்லை, வாரத்துக்கொரு தடவை ஆஸ்பத்திரியில் மாற்றினால் போதும். வெரிகோஸ் புண்ணுக்கு ரத்த ஓட்டம் பார்த்த பிறகு பட்டை கட்டத் தெரிந்த நர்ஸ் வாரம் ஒன்றிரண்டு தடவை. இதற்கு வீட்டு ஆளைப் பழக்குவது கஷ்டம், இறுக்கம் கைக்குப் பிடிபடாது. படுக்கைப் புண்ணுக்கு அட்டெண்டரும் ஆதரவு சிகிச்சை நர்ஸும். ரத்தக் குழாய் அடைப்பு என்றால் இந்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு முதலில் அந்த டாக்டர். தனியாக இருக்கும் பெரியவருக்கும் நினைவு தப்பியவருக்கும் வீட்டு ஆள் என்கிற துணை இல்லை, அங்கே நர்ஸ் விசிட்டைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். வாரம் ஒரு நாள், ஒரே வெளிச்சத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் காகித ஸ்கேல் வைத்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அதிக நீளம், அதிக அகலம், இரண்டையும் பெருக்கி ஒரு நோட்டில் எழுத வேண்டும். 4 செ.மீ., 3 செ.மீ. என்றால் 12. சர்க்கரைப் பாதப் புண் நான்கு வாரத்தில் பாதியாக, அதாவது 6க்கு வந்திருந்தால் ஏற்பாடு வேலை செய்கிறது. வராவிட்டால் ஆளை மாற்றுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். பாரம், ரத்த ஓட்டம், எலும்பில் கிருமி, சுகர், இவற்றில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும்.

சாப்பாடும் விட்டுப்போகும். புண் இருக்கிறது, முட்டை ஆகாது, கறி ஆகாது, சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைத்து, ரசம் சோற்றிலேயே பெரியவரை நிறுத்திவிடுகிறார்கள். படுக்கைப் புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். ஐம்பது கிலோ பாட்டிக்கு நாளைக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் என்றால் கணக்கு புரியும். கிட்னி பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

எந்த ஏற்பாட்டிலும் நர்ஸ் வரும் நாளுக்குக் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 செ.மீ. தாண்டிப் பரவுவது, புதிதாகக் கறுப்பது, உள்ளே எலும்பு தட்டுப்படுவது, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறப்பது, குளிர்நடுக்கம், பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசுவது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம். காரணமில்லாமல் சுகர் எகிறுவதுதான் சிலருக்கு முதல் அறிகுறி. அன்று ராத்திரியே கிளம்புங்கள். மருந்துச் சீட்டு, இன்சுலின், அளவு எழுதிய அந்த நோட்டு, மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.